ஒலிபெருக்கியில் அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையுச்சியில் தொலைபேசிக் கோபுரம் எழும்பி ஆறேழு மாதமான பிறகு, அதைக் கட்டிய கம்பெனிக்கு எங்கள்மேல் திடீரென்று பாசம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு மிஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களைப் பாடசாலை மைதானத்துக்கு அழைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் இலவசமாகப் பேசக் கொடுக்கப் போகிறார்களாம். எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு ஒரு பெண் குவைத்திலோ சவூதியிலோ லெபனானிலோ இருந்த காலம் அது. பட்டியல் எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார் மிஸ். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை உயர்ந்துவிட்டது.

முதல் லயத்திலேயே மாட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டு அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே விடாமல் நின்றார்.

"பேரு சரி. ஐடென்டி நம்பரு எதுக்கு?"

"கம்பெனிக்கு வேணுமாம் அக்கா."

"போன மாசந்தான் ஆமிக்காரங்க வந்து வீட்டு ஆளுங்க பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப நீ வந்து நிக்கிற. வெளிநாட்டு நம்பர வேற கேக்குற. நாளைக்கி ஒரு கரச்சல்னா நீயா வந்து கூட்டிக்கிட்டு வருவ?"

யுத்தகாலம்; மாத்தளை டவுனுக்குள் நுழையும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய், மறுபடி ஏறுகிறவர்கள் நாங்கள். அக்காவின் பயம் நியாயம். மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அவர் கொழும்பில் யாரிடமோ கேட்டுவிட்டு, அந்த நம்பர் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றார். எல்லாத் தாள்களிலும் அந்தக் கட்டத்தை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். பெரிய போராட்டத்தில் வென்றது போல இருந்தது எனக்கு.

தொழிற்சங்கத் தலைவரிடம் அந்த வீறாப்பு செல்லவில்லை.

"கோபுரம் கட்ட நம்ம மலை. நமக்கு மூணு நிமிசம். இத வாங்கிக்கிட்டுக் கையும் தட்டணுமாக்கும்?"

"சும்மாதானே தலைவரே குடுக்குறாங்க?"

"சும்மா குடுக்குறவன் எதுக்கும்மா பேனர் கட்டுறான்?"

டவுனில் காசு கொடுத்து வெளிநாட்டுக்குப் பேச நாங்கள் வழக்கமாகப் போகும் கொமினிகேஷன் கடைக்காரர் சிங்களவர்; அவர் மட்டும் கோபப்படவில்லை. "ஒரு நாளைக்குத்தானே? ஆசை காட்டிட்டுப் போகட்டும். மிச்ச நாளெல்லாம் இங்கதான் வருவீங்க" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார்.

நான் இத்தனை பேரோடும் மல்லுக்கட்டியது கம்பெனிக்காக அல்ல. எனக்கு அந்த மூன்று நிமிடம் வேண்டியிருந்தது.

அம்மா குவைத்துக்குப் போய் நான்கு வருடம். இரண்டாவது ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அந்த வீட்டு மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக கொமினிகேஷனில் பேசியபோது அம்மா என்னிடம் சொன்னார்: "ஒங்கப்பா வாயால சொல்லட்டும். வான்னா வர்றேன். சொல்லலன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்." அப்பா அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். எப்போதும் அங்கேதான் நிற்பார். "சாப்பிட்டாளான்னு கேளு", "மழையான்னு கேளு" என்று வெளியிலிருந்து எனக்கு எடுத்துக்கொடுப்பார். ரிசீவரை நீட்டினால் சுடுதண்ணீர் பட்டதுபோல கையை இழுத்துக்கொள்வார். தம்புள்ளை சந்தையில் மூட்டை ஏற்றுகிறவர், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பத்து லொறிக்கு அப்பால் நிற்கிற ஆளைக் கூப்பிட்டு நிறுத்தும் குரல் அவருக்கு. போனில் மட்டும் வராது.

வீட்டுக்கு வந்து எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.

"போனது அவ இஷ்டம். வர்றதும் அவ இஷ்டந்தான். நான் என்னா சொல்றது?"

"வான்னு ஒரு வார்த்தைப்பா."

"அவளுக்குத் தெரியாதாக்கும்."

அம்மா கையெழுத்துப் போட வேண்டியது ஒரு திங்கட்கிழமை. கம்பெனியின் விழா அதற்கு முதல் நாள். பட்டியலின் முதல் வரியில் நான் யாருடைய பெயரை எழுதியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் என்னுடைய இன்னொரு பெருமையையும் சொல்லியாக வேண்டும். கோபுரம் வந்ததும் எங்கள் தோட்டத்து மிஸ்கோல் முறையை வகுத்தவள் நான்தான். ஏற்கெனவே போயிருந்தவர்களுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். வெளிநாடு போகிற ஒவ்வொருத்திக்கும் பயணப் பை கட்டும்போதே பாடம் எடுப்பேன். ஒரு ரிங் போனால் எல்லாரும் சுகம். இரண்டு போனால் காயிதம் கிடைத்தது. மூன்று போனால் ஞாயிற்றுக்கிழமை பேச வருவோம். 0094 என்று தொடங்கினால் வீடுதான். எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்க மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் என் கைபேசியில் இருக்கிற காசு போய்விடும், அங்கே மேடத்துக்கும் சத்தம் கேட்டுவிடும். ஒருத்திகூட இதுவரை எடுத்ததில்லை. அவ்வளவு கெட்டிக்காரிகள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அப்பாவை நேரே மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். கூடாரம், சின்ன மேடை, பிளாஸ்டிக் கதிரைகள், கோபுரப் படம் போட்ட பேனர். கம்பெனியின் டிரெக்டர் வரப் பத்தரை ஆனது. அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை: தாயும் பிள்ளையும் பேசுகிற சந்தோஷத்தை ஊரே கேட்கட்டும், போனை ஒலிபெருக்கியில் இணையுங்கள். மிஸ் அதைத் தமிழில் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அப்பா என் காதருகே குனிந்தார். "நீயே பேசிரு புள்ள."

"கம்பெனி ரூல்ப்பா. பேரு இருக்கிறவங்கதான் பேசணும்."

அந்த ரூலை அந்த நொடியில்தான் உண்டாக்கினேன். அவரை மேடையில் ஏற்றிவிட்டேன்.

ஒலிபெருக்கியில் ரிங் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எடுக்கவில்லை. போனுக்கு இருந்த கம்பெனித் தம்பி வெட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அப்பா பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பிள்ளையைப் போல வேகமாகக் கீழே இறங்கினார். அடுத்து வந்தவருடைய சவூதி நம்பரும் நான்கு ரிங், எடுக்கவில்லை. மூன்றாவதும் அப்படியே. புகைப்படக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். டிரெக்டர் மலையுச்சியை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பொடியன் ஜீப்பின் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்பத் தொடங்கினான்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அடுத்த வீட்டு அக்காவின் குரல்: "அட, கோபுரம் நல்லாத்தான் இருக்கு! அதுங்க அங்க குந்திக்கிட்டு ரிங்க எண்ணுதுங்க!"

மைதானம் முழுவதும் சிரிப்பு.

"நாலு ரிங்குக்கு என்னா அர்த்தம்னு மண்டையப் பிச்சிக்கிட்டு இருக்கும்ங்க!"

"பாடம் சொல்லிக்குடுத்த டீச்சரு அந்தா நிக்கிது, அதுகிட்ட கேளுங்க!"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. இத்தனை நாள் பட்டியலும் கையுமாக ஓடித் திரிந்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. மிஸ் விளக்கம் கேட்டார். திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் டிரெக்டருக்குச் சொன்னார். டிரெக்டர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புறப்படப் போகிறார் என்று நினைத்தேன். நாளைக்குத் திங்கள்.

அப்பா மறுபடி மேடையில் ஏறினார். யாரும் கூப்பிடவில்லை. ரிசீவரைத் தானே கையில் எடுத்தார். "போடுங்க தம்பி. வெட்டாதீங்க. அடிச்சிக்கிட்டே இருக்கட்டும்."

நான்கு. ஐந்து. கூட்டம் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. ஒன்பதில் சிறுவர்களின் சத்தம் ஓங்கியது. பதினொன்றில் ஒருவரும் எண்ணவில்லை. பதின்மூன்றாவது பாதியில் நின்றது.

"யாருக்கு என்னா ஆச்சி?"

மூச்சிரைக்க அம்மாவின் குரல். பள்ளிக்கூடச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றார். அது ரிசீவரிலேயே போய்விட்டது.

"யாரு பேசுறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"ஒம் புருசன்டி!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். நல்ல வேளை, அது அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"நான்தான் புள்ள. கையெழுத்துப் போடாத."

நான் கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பறம் எதுக்கு?"

அப்பா பேனரைப் பார்த்தார். டிரெக்டரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "இவளுக்கு ஒழுங்கா ஒரு கறி வைக்கத் தெரியல."

மைதானம் அதிர்ந்தது.

"அதுக்கா கூப்பிடுறீங்க?"

"அதுக்குந்தான்." யாருக்கும் கேட்காதென்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கி அதையும் விடவில்லை. "வீட்டுக்குப் போகவே புடிக்கல புள்ள. சனிக்கிழம லொறியவிட்டு எறங்கினா கால் நடக்க மாட்டேங்குது. நீ வா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இதச் சொல்ல நாலு வருசமா?" என்றார் அம்மா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. "சரி, வர்றேன். மேடம் கூப்பிடுது, வையிங்க."

மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. நானும் பேச வேண்டும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அதற்குள் அப்பா ரிசீவரை வைத்துவிட்டார்.

தலைவர் மேடைக்கு வந்தார். "மிஸ், நீங்க செஞ்சது நல்ல காரியம். நான் இல்லைங்கல. ஆனா அந்தப் பொட்டியக் கழட்டிருங்க. புருசன் பொஞ்சாதி பேசுறத ஊரு கேக்க வேணாம்."

"ஒக்காருங்க தலைவரே, இப்பதான் சூடு புடிக்கிது!" என்று பின்னாலிருந்து கூச்சல். மிஸ் டிரெக்டரிடம் சொன்னார். அவர் தானே எழுந்து வந்து ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கினார். பிறகு கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வரிசையில் இருந்த எல்லாரும் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அந்த முதுகுக்காக அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தலைவர்கூட அன்று பின்னேரம், "ஆளு பரவாயில்ல, கம்பெனிதான்…" என்று இழுத்தார்.

அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். ரோட்டில் வேனைவிட்டு இறங்கி, பைகளோடு நாங்கள் ஏறி வரும்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையாகக் கை காட்டினார்கள்.

"அக்கா, அன்னைக்கி நாங்க எல்லாரும் அழுதுட்டோம்!"

அம்மா நின்றார். "என்னைக்கி?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று மாதத்தில் இதை அம்மாவிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அது ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கி அப்பா பேசினாரில்ல, அது… ஸ்பீக்கர்ல போச்சி."

"எந்த ஸ்பீக்கரு? யாரு யாரு கேட்டாங்க?"

அப்பா எல்லாவற்றிலும் பாரமான பையாகப் பார்த்துத் தோளில் தூக்கினார். "எல்லாருந்தான்" என்றார். மூட்டை தூக்கிப் பழகிய கால்கள். நாங்கள் சுதாரிப்பதற்குள் இரண்டு வளைவு ஏறிவிட்டார். மொத்தத் திட்டும் எனக்குத்தான் கிடைத்தது, லயம் வரைக்கும், நான்கு வருடத்துக்கும் சேர்த்து. கேட்டுக்கொண்டே ஏறினேன்.