கல்லைக் காட்டிய உக்கிரபாண்டி

மம்சாபுரத்து உக்கிரபாண்டிக்குப் பிழைப்பே, வெளியூர்க்காரர்களைக் காட்டுவழியாக மலைமேலுள்ள காட்டழகர் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான். 1938இல், நேர்த்திக்கடனுக்காக ரங்கூனிலிருந்து பார்வை மங்கிய ஓர் அம்மாள் வந்தாள். உக்கிரபாண்டி நல்ல மனுசன்தான், ஆனால் அன்றைக்கு ஏற்றத்தைக் கண்டதும் உடம்பு வணங்கவில்லை. பாதிவழியில், மரத்தடியில் கிடந்த ஒரு கல்லைக் காட்டி, "இதுதாம்மா காட்டழகர், கும்பிட்டுக்கோங்க" என்றான் நாக்கூசாமல்.

அவள் கல்லைத் தடவித் தடவி அழுதாள். "உன்னாலதான்யா சாமியப் பார்த்தேன்" என்று அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கையால் சோறு பிசையக் கூசியது அவனுக்கு. அவள் கப்பலேறிப் போனபிறகு, அவளுக்காகத் தானே மலையேறிப் பட்டரிடம் தேங்காயை நீட்டினான்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

அந்த அம்மாளின் பெயரை உக்கிரபாண்டி கேட்கவேயில்லை.