இலவச மென்பொருளும் இரண்டாம் லயமும்

'வரிசைப்படுத்து' என்று பள்ளிக் கணினித் திரையில் தமிழில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் நான் கணினி ஆசிரியர். பழைய மென்பொருளின் உரிமம் முடிந்ததும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம் என்று பொதுவில் விடப்பட்ட இலவச அலுவலக மென்பொருளுக்கு மாறியிருந்தோம். ஓசியில் வந்தது எத்தனை நாளைக்கு ஓடும் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பெற்றோர் சங்கச் செயலாளர் அக்கா அப்படி நினைக்கவில்லை. அதே பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்துவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவர். எல்லாம் தமிழிலேயே இருந்ததால், வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் படித்து அழுத்திப் பார்த்தார். மறு ஆண்டு முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை. பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஈப்போவின் புந்தோங் பகுதிக்குக் குடிபெயர்ந்த தோட்டத்துக் குடும்பங்களை அட்டவணையில் ஏற்றினார். பிள்ளைகளைச் சேர்க்க அழைத்து ஒரே கடிதம் அடித்தார்; ஒவ்வொரு பிரதியிலும் அவரவர் பெயரும், முன்பு தோட்டத்தில் குடியிருந்த வரிசைவீடுகளான லயத்தின் எண்ணும் வீட்டு எண்ணும் தானாக வந்து விழுந்தன. அப்படியொரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. கணினியில் பட்டயம் வாங்கியவன் நான்.

மானத்தைக் காப்பாற்ற, பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். அட்டவணையில் பெயர்கள் நகர்ந்தன; பக்கத்துப் பத்தியில் இருந்த லயங்கள் நகரவில்லை. கவனிக்காமலே அச்சிட்டு, புந்தோங் கோயிலில் பெயர் பார்த்துக் கொடுத்தும் விட்டோம்.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

"யாரு சார் இத அடிச்சது? நாங்க ஆறாம் லயம்லா. ரெண்டாம் லயத்துல போட்டிருக்கீங்க," என்றார் ஒருவர்.

"ரெண்டாம் லயம் எங்களது அண்ணே, கடைசி வீடு," என்றார் மகளோடு வந்திருந்த இன்னொருவர்.

"கம்பியூட்டர் சாருதான் அடுக்குனாரு. அவரு தோட்டத்துல பொறக்கல, பாவம். விடுங்க," என்றார் அக்கா.

இடித்துச் செம்பனை நட்டுவிட்ட வீடுகள் அவை. அவற்றின் எண் தப்பாகிவிட்டது என்று இத்தனை தூரம் வந்திருந்தார்கள். அக்கா எந்தத் தாளையும் பார்க்காமல், முகத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வீட்டையும் அதனதன் இடத்தில் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் திரையில் திருத்தினேன்.

"சரி, திருத்தியாச்சு. இப்ப புள்ள பேரச் சொல்லுங்க," என்றார் அக்கா.

முதலாம் வகுப்பில் இப்போது ஒன்பது பேர். எந்த லயம் என்று கேட்டால், தாங்கள் பார்த்தேயிராத வீட்டின் எண்ணை ஒன்பது பேரும் சொல்கிறார்கள்.