மாதிரிக்கு வந்த பெட்டி

சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பெண்ணை நம்பி யாரும் எதையும் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறார்கள். வருகிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் சப்ளைதான் போயிருக்கும். தறி ஓடுகிற ஊர். காலையில் தறிகள் எல்லாம் சேர்ந்து கிளம்பும்போது வோல்டேஜ் விழும்; சாப்பாட்டு நேரத்தில் நிற்கும்போது எகிறும். சுவரிலிருந்து வரும் கரண்டை மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற அந்தச் சின்ன இரும்புப் பெட்டிதான் அத்தனை அடியையும் வாங்கிக்கொள்ளும்.

நல்ல கம்பெனிப் பெட்டியின் விலையைச் சொன்னால் வந்தவர்கள் முகம் சுருங்கிப் போகும். "இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையாக்கா?" என்பார்கள். நானும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். மதுரை ஏஜெண்ட் மாதிரிக்குக் கொடுத்தது. கேள்விப்படாத பெயர், மலிவான விலை.

"நீ பிரிச்சுப் பாரு தங்கச்சி. சரின்னு நீ சொன்னாத்தான் கடைக்குள்ள ஏத்துவேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். உள்ளே பச்சைப் பலகை சுத்தமாக இருந்தது. கரண்டை வடிகட்டும் சுருள் இருந்தது, ஃபியூஸ் இருந்தது. பலகைக்கும் இரும்புக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். எர்த்து வயரை இரும்புச் சட்டத்தோடு திருகாணி போட்டு முறுக்கியிருந்தார்கள். ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பகல் முழுக்க ஓடவிட்டேன். தறிகள் கிளம்பும் நேரத்திலும் மீட்டர் முள் பெரிதாக ஆடவில்லை. சூடு கையால் தொடும்படி இருந்தது. அட்டையில் போட்டிருக்கிற வாட்டில் பாதியைத்தான் நம்பலாம், கேம் விளையாடுகிற பையன்களுக்குக் கொடுக்கக் கூடாது, டைப் அடிக்கவும் டிசைன் போடவும் போதும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

தபசுக் கூட்டத்தில் சரக்கு வேகமாகப் போனது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து அம்மனைப் பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் வாங்கிப் போனார்கள். யார் தயங்கினாலும் அண்ணாச்சி என் கடையைச் சொல்லி, அந்தத் தங்கச்சி பிரித்துப் பார்த்துச் சொன்ன சாமான் என்று சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

தேர்க்கூட்டமெல்லாம் வடிந்த பிறகு நெசவாளர் தெருவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தறிக் கொட்டகைக்குள்ளேயே ஓரமாக மேஜை போட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறது என்றாள். போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அடிக்கு அடி தரை அதிர்ந்தது, மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பும் அதிர்ந்தது. கேபினெட்டைத் திறக்கலாம் என்று புறங்கையை வைத்தேன். உள்ளே எறும்பு ஓடுவதுபோல் சுருசுருவென்று ஏறியது. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஷாக் அடிக்குதே, தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு. இப்பம் கொஞ்சம் கூடியிருக்கு. அதான் செருப்பு போட்டுக்கிட்டே உக்காருதேன்" என்றாள். அவள் சொன்ன விதத்தில் பயமே இல்லை. கொசு கடிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

மெயினை அணைத்துவிட்டு, பவர் சப்ளையைக் கழற்றி எடுத்தேன். நான் பார்த்த அதே பெயர், அதே நிறம், அதே ஸ்டிக்கர். ஆனால் கையில் எடுத்தவுடனேயே என்னவோ போலிருந்தது. எடை இல்லை. காலி டப்பாவைத் தூக்குவதுபோல் இருந்தது.

அங்கேயே பிரித்தேன். சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். ஃபியூசுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். எர்த்து வயர் இரண்டு விரல் நீளத்தில் வெட்டுப்பட்டு எதிலும் மாட்டாமல் கிடந்தது. அடியில் பிளாஸ்டிக் தாள் இல்லை. பலகையின் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஈயக் கம்பி ஒன்று இரும்பை நோக்கி வளைந்திருந்தது. நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளிதான். தறியின் ஒவ்வொரு அடிக்கும் அது ஆடியிருக்கும். ஆடி ஆடி நெருங்கியிருக்கும். முழுசாகத் தொட்டிருந்தால் அந்தக் கேபினெட் மொத்தமும் சுவர் கரண்டாக மாறியிருக்கும். எர்த்து இல்லாததால் மெயின் சுவிட்ச் தானாக விழாது, கரண்டும் நிற்காது. தொடுகிற ஆளுக்காக அது காத்துக்கொண்டிருந்திருக்கும்.

அந்தப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சின்ன ரிப்பேர்தானக்கா?" என்று கேட்டாள். புதுசு மாட்டும்வரை கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. மாதிரிக்கு வந்தது என் கடையில்தான் இருந்தது; அவர் கடைப் பையனை அனுப்பி எடுத்து வரச் செய்து இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். ஒரு கையில் ஒன்று, இன்னொரு கையில் ஒன்று. தூக்கிப் பார்த்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அலமாரியில் மிச்சமிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே இலேசாக இருந்தன. ஏஜெண்டுக்குப் போன் போட்டார். அவன் குரல் வெளியே கேட்டது. சத்தம் போடவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த விலைக்கு அப்படித்தான் வரும் அண்ணாச்சி, வேணும்னா அடுத்த லோடு கொஞ்சம் வெயிட்டாப் போடச் சொல்லுதேன் என்றான்.

யார் யாருக்குக் கொடுத்தோம் என்று அண்ணாச்சி யோசித்து யோசித்துச் சொன்னார். உள்ளூரில் வாங்கியவர்களைத் தேடிப் போய்த் திரும்ப வாங்கினோம். சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். நல்லா ஓடிக்கிட்டுத்தான இருக்கு என்று ஒருவர் கொடுக்கவே மறுத்தார். பிரித்துக் காட்டிய பிறகுதான் கொடுத்தார். வெளியூரில் வாங்கியவர்களில் அண்ணாச்சிக்கு முகம் தெரிந்தவர் ராயகிரியில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற ஒருவர்தான். போன் எடுக்கவில்லை. மறுநாள் அண்ணாச்சியின் பழைய வேனில் இரண்டு பேரும் கிளம்பினோம்.

ராயகிரிக்காரர் வீட்டு முன்னறையில்தான் கடை; பூட்டியிருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. என்ன ஆச்சு என்று நான் கேட்டதற்கு அவர் மனைவிதான் பதில் சொன்னாள்.

"நா தரை தொடச்சிக்கிட்டு இருந்தேன். அவுக கை பெட்டியோட ஒட்டிக்கிட்டு. கூப்புடுதேன், பேச்சு இல்ல. கண்ணு மட்டும் என்னையே பாக்கு. ஓடிப்போய் மெயின அமத்துனேன்."

உயிர் பிழைத்தது அவள் ஓடிய ஓட்டத்தில்தான். விரல்கள் இன்னும் மடங்கவில்லை என்றாள். வீட்டு வயரிங்தான் மோசம் என்று நினைத்து, வயரிங் செய்த எலக்ட்ரீசியனைத் தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள். வேறு ஆளைக் கூப்பிட்டு வீடு முழுக்கப் புது வயர் இழுத்தாகிவிட்டது. இனி பயமில்லை என்றாள்.

"கம்ப்யூட்டர் எங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதான் எடுத்து வச்சிருக்கோம். மகளுக்குப் பரீட்சை. படிச்சுக்கிட்டு இருக்கா."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளே போய்விட்டேன். கல்லூரியில் படிக்கிற பெண். ஈரத் தலையோடு, வெறுங்காலோடு, ஒரு கையைக் கேபினெட்டுக்குப் பக்கத்தில் ஊன்றி எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். உள்ளே விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அதத் தொடாத மக்கா. கைய எடுத்துட்டு எந்திரி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அவள் விழித்தபடி எழுந்து சுவரோரம் நின்றாள். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

வாசலுக்கு வந்தபோது அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை.

"அந்த எலக்ட்ரீசியன் தெருவில தல குனிஞ்சு போனாரு அண்ணாச்சி. அவருகிட்ட நா என்னன்னு போய்ச் சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றி, மூன்று பேரும் சேர்ந்தே அந்த எலக்ட்ரீசியன் வீட்டுக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டுச் சரி என்றார். காப்பி சாப்பிடச் சொல்லவில்லை.

திரும்ப வாங்கிய பெட்டிகளை யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று வயர்களை எல்லாம் நானே வேரோடு வெட்டினேன். பழைய இரும்புக்காரர் மூட்டையாகக் கேட்டார், வயரில்லாமல்தான் கொடுத்தோம். அண்ணாச்சி கடை வாசலில் போர்டு எழுதி வைத்தார், இந்தப் பெயர் போட்ட பெட்டியை மாட்டாதீர்கள், கொண்டு வாருங்கள், வேறு தருகிறோம் என்று. வாட்சப்பிலும் போட்டோம். சிலர் கொண்டுவந்தார்கள். தபசுக் கூட்டத்தில் வாங்கிக்கொண்டு திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ் ஏறிப் போனவர்களில் பலர் வரவில்லை. அவர்கள் முகம் அண்ணாச்சிக்கு ஞாபகமில்லை. யார் பையில் எந்த ஊருக்குப் போனது என்று சொல்ல ஆளில்லை.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. கரிசக்காட்டு ஊர்களில் சுவரும் தரையும் ஊறிக் கிடக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று முதலில் கேட்கிறேன். திருவேங்கடம் பக்கம் என்றால், உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது கம்ப்யூட்டரைத் தொட்டால் சுருக்கென்கிறதா என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள். நேற்று வந்த ஒருவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறார்கள் என்றார். ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன்.