கல் பாங்கின் வாசப்படி

எங்க ஊருக்கு முதல்ல வந்த பாங்கு கருங்கல் கட்டடம். ஆந்திரா தனியா பிரிஞ்ச புதுசு. எல்லையில ஊரு, வியாபாரம் ஜாஸ்தியாச்சு, பாங்கும் வந்துச்சு. "அந்தக் காலத்து வேலை, எப்படி நிக்குது பாரு"ன்னு இப்பவும் சொல்றாங்க. எனக்கு அதைப் பாத்தா குமட்டும்.

அதுல நான் சுண்ணாம்பு கலக்குற வேலை செஞ்சேன்.

முந்தின வருஷம்தான் எங்க அக்கா நிறைமாசத்துல செத்துச்சு. பிள்ளை வயித்துலயே போச்சு. அப்படிச் செத்தா, அந்தச் சுமை இறங்கணும்னு ரோட்டோரம் சுமைதாங்கி வைப்பாங்க. ரெண்டு கல் நட்டு, மேல ஒரு பலகைக்கல். தலைச்சுமையோட வர்றவங்க அதுல இறக்கி வச்சி மூச்சு வாங்குவாங்க. அக்கா புருஷன், எங்க மாமா, பொன்னேரி போற ரோட்டுல வச்சாரு.

ஒருநாள் வேலைக்கு வந்த கல்லுங்களோட அந்தப் பலகையும் வண்டியில வந்து இறங்குச்சு.

"இது எங்க அக்கா கல்லுங்க"ன்னேன் காண்ட்ராக்டர் கிட்ட.

"கல்லுக்கு இன்னாடா அக்கா தங்கச்சி? போய் கலவையைப் பாரு."

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. வாசப்படிக்கு அளவு சரியா இருந்துச்சாம். பதிச்சிட்டாங்க. மாமா கல்லைக் கேட்டு தினம் காண்ட்ராக்டர் கிட்ட வந்து நின்னாரு.

"வேற கல்லு தரேன், எத்துக்கினு போய்யா."

"அது அவளுக்கு வச்சதுங்க."

திறப்பு விழா அன்னிக்கு மழை. பெரிய மனுஷங்க வந்தாங்க. செருப்புச் சேத்தை அந்தக் கல்லுலதான் தேச்சாங்க. மாமா வாசல்ல போய் நின்னு சத்தமா சொன்னாரு.

"ஐயா, அது புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு வச்ச கல்லு."

படியேற கால் தூக்கின ஆளு அப்படியே பின்னால போனாரு. உள்ளே இருந்தவங்க புறவாசல் வழியா வெளிய வந்தாங்க.

"ஏன்யா, இந்தச் சனியனையா வாசல்ல வச்ச?"ன்னு காண்ட்ராக்டரை ஏசினாங்க.

அன்னிக்கே பேத்து ரோட்டுல போட்டாங்க. கல் இருந்த இடத்துல மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. எங்க மேலயும் தெளிச்சாங்க.

செருப்பைத் தேய்க்கும்போது கூசல. அக்காவைச் சொன்னதும் கூசிப்போச்சு. தூ.

கூலி ஆளுங்க தொடமாட்டோம்னுட்டாங்க. நானும் மாமாவும்தான் பழைய இடத்துக்கே கொண்டு போக வண்டியில ஏத்தினோம். வழியில குளத்தாண்ட நிறுத்தி, மாமா தேங்கா நாரை வச்சித் தேச்சாரு.

"போதும் மாமா. சுத்தமாயிடுச்சு."

"இரு. இன்னும் நாறுது."

தேச்சிக்கினே இருந்தாரு.