எனக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று

ஒரு மாதமாகப் பேத்தி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் அவள் அம்மா, என் மகள், போனில் ‘சாப்பிட்டாயா’ என்று எழுதிக் கேட்டால், ஒரு கட்டைவிரல் படம் பதிலாகப் போகும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பொத்தானை அமுக்கிப் பேசி, குரலை அனுப்ப மட்டும் தெரியும். மலேசியாவில் எங்கள் ஊரான பெக்கான் நானாஸில் விளைந்த அன்னாசி ஒன்றை நறுக்கினேன். எங்கள் ஊர்ப் பழம் நாக்கை அரிக்கவே அரிக்காது, அது வேறு கதை. அடுத்த அறையில் இருந்தவளுக்குப் பேசி அனுப்பினேன்.

“அன்னாசிக்கு உப்பு போடவா, மிளகாய்த்தூள் போடவா?”

ஏதோ எழுதி அனுப்பினாள்.

“எழுதுனா பாட்டிக்கு என்னடி தெரியும்? வாயால சொல்லு லா!”

போனில் அவள் குரல் வந்தது. “ரெண்டும்.”

அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது.

“அலமாக், பாட்டி! எத்தன தடவ கேப்பீங்க?” சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

பழத்தட்டை அவள் மடியில் வைத்ததும் அழுதாள். “கூட்டாளிங்க என்னை குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க பாட்டி. ஸ்கூல்ல யாரும் பேசறதில்ல.”

இரவு மகள் வேலை முடிந்து வந்ததும் அவளிடமும் பேத்தியே எல்லாவற்றையும் வாயால் சொன்னாள். மகளுக்குத்தான் பழம் மிஞ்சவில்லை.