கரிக்காற்றில் ஒரு வெள்ளைக் காகிதப்பூ

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மாதவரத்து நர்சரியிலிருந்து ஒரு காகிதப்பூச் செடியை வாங்கிவந்து பால்கனியில் வைத்தாள். வெள்ளைப் பூ. நான் போய் ஒரு பூவின் மேல் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "என்ன தேடுறீங்க?" என்றாள். கரி என்று சொன்னால் அவளுக்குப் புரியாது, தாம்பரத்துப் பெண். "பூச்சி இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான் வளர்ந்தது ராயபுரத்தில். நிலக்கரிக் கப்பல்கள் சரக்கு இறக்கும் இடம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் யாராவது ஒருத்தி "கரிக்காத்து வருதுடீ!" என்று கத்துவாள். உடனே எல்லா மாடிகளிலும் பெண்கள் ஓடிக் கொடித்துணிகளை அள்ளுவார்கள். எந்தத் துணி யாருடையது என்று பார்க்க நேரமிருக்காது. எதிர்வீட்டு அந்தோணியின் டவுசரை நான் ஒரு வருடம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட தெருவில்தான் அம்மா வெள்ளைக் காகிதப்பூ வளர்த்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலில் தொங்கியதிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துவந்து பெயிண்ட் டப்பாவில் நட்டது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் கருஞ்சிவப்பு இருந்தது. அதில் கரி படிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. "இந்த ஏரியால வெள்ளைய யாராச்சும் வெப்பாங்களா மேரி? நம்மள்து மாதிரி வெச்சா ஒரு பேஜாரும் இல்ல" என்பார். அம்மா கேட்கிற ஜாதி இல்லை. மே மாதம் மாதா வணக்க மாதம். தெருமுனையில் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்திருக்கும் கெபிக்கு நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்துப் பூ வைப்போம். எங்கள் முறை வரும்போது, சொந்தமாக வளர்த்த வெள்ளைப் பூவைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

செடியோ பூப்பதாக இல்லை. மீன் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், லாரித் தண்ணீரில் எங்கள் பங்கு என்று எல்லாவற்றையும் குடித்துவிட்டு இலை இலையாகத் தள்ளியது. முள்ளும் நன்றாக வந்தது. ஒரு கோடையில் மூன்று வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. தெருவே குடத்தோடு அலைந்தது. செடி மட்டும் ஒரு இலை தெரியாமல் பூத்துக் குலுங்கியது. காய்ந்தால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பூத்த மூன்றாம் நாள் அத்தனையும் சாம்பல் நிறம். கழுவினால் தண்ணீர் வேருக்குப் போய் மறுபடி இலை விடும் என்று பயந்து, அம்மா நைனாவின் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவாகத் துடைக்க ஆரம்பித்தாள். "பூவுக்கு ஷேவிங் பண்ற பொம்பளய இப்பதான் பாக்கறேன்" என்றார் நைனா. எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்கு வேலை அந்தக் கரிக் கப்பலில்தான். மெஷின் அள்ள முடியாமல் மூலைகளில் விட்டுவைக்கும் கரியை மண்வாரியால் கூட்டி அள்ளும் ஒப்பந்த வேலை. சாயங்காலம் அவர் வரும்போது கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். வாசலில் நின்று சட்டையை உதறுவார். "யோவ், செடிகிட்ட உதறாத, அப்பால போ!" என்று அம்மா உள்ளேயிருந்தே கத்துவாள். நாங்கள் சாப்பிட்ட சோறும் அந்தச் சட்டையிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு தெருக்காரர்கள் கரியை நிறுத்தச் சொல்லி ஒரு மனு எழுதினார்கள். குழந்தைகளுக்கு இருமல் நிற்கவில்லை. அம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். கணவர் பெயர், அவர் தொழில் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அம்மா பொய் சொல்ல மாட்டாள். 'சூசை, கரி வேலை' என்று எழுதிவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது நைனா கேட்டார்.

"கையெழுத்து போட்டியாமே?"

"போட்டேன்."

"சரி, கொழம்பு ஊத்து."

வருடங்கள் ஓடின. அந்த மனுவை எல்லாரும் மறந்துபோன சமயத்தில் ஒருநாள் கரிக் கப்பல்கள் ராயபுரம் பக்கம் வருவது நின்றது. எல்லாம் எண்ணூருக்குப் போய்விட்டது. அங்கே இளவட்டங்களைத்தான் எடுத்தார்கள். நைனாவுக்கு ஐம்பத்து நான்கு வயது.

அந்த மே மாதம் செடி பூத்த பூப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துடைக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் முறை வந்த அன்று அம்மா கத்தரிக்கோலோடு செடி முன்னால் நின்றாள். வெட்டவில்லை.

"தூசு போவணும்னுதான் மாதாகிட்ட கேட்டேன். உன் வேல போவணும்னு நான் கேக்கல."

"மாதா இன்னா பண்ணும்? ரெண்டும் ஒண்ணாத்தான கீது" என்றார் நைனா. அவளிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, முள் குத்தக் குத்தத் தானே வெட்டினார். ஒரு தாம்பாளம் நிறைய பூவோடு தெருவில் நடந்துபோய் கெபியில் வைத்துவிட்டு வந்தார். பிலோமினா அக்கா, "எவ்ளோ வெள்ள பாரேன்!" என்று கூடவே போனார். எனக்கு அழுகை வந்தது. கல்லூரியில் படிக்கிறவன் அழக்கூடாது என்று மாடிக்குப் போய்விட்டேன்.

இப்போது ராயபுரத்துக்குப் போனால் மாடிகளில் வெள்ளை யூனிஃபார்ம்கள் நாள் முழுக்கக் காய்கின்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கரிக்காத்து என்ற வார்த்தையே அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நல்லதுதான். எங்கள் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை.

வேலை போன பிறகு நைனா ஏழு வருடம் வீட்டில் இருந்தார். எங்கும் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் குளித்து ஒரு சட்டையைப் போட்டுக்கொள்வார். அழுக்கே படாத அந்தச் சட்டையை அம்மா ஒருநாள் விடாமல் துவைத்துக் காயப்போட்டாள்.