டிரஸ்ஸரின் ஞாயிற்றுக்கிழமை வேட்டி

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் வேதக்காரர், ஒல்லியானவர். புண்ணைக் கழுவும்போது வலி நமக்கு என்றாலும் முகம் சுளிப்பது அவர்தான்.

கட்டுப்போடும் துணி தீர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குக் கட்டிப்போகும் வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். கடைசித் துண்டு மிஞ்சியிருந்த அன்று நானும் அங்கே இருந்தேன். காலில் சீழ் வைத்த புண்ணோடு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்தான். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பெயர் எழுதி ஆள் பிடித்துக் கொடுத்தவன் அவன். டிரஸ்ஸரின் மகனும் அப்படிப் போய்த் திரும்பாதவன்தான்.

டிரஸ்ஸர் மண்டியிட்டு, முகம் சுளித்தபடியே அந்தக் காலைக் கழுவிக் கடைசித் துண்டைக் கட்டினார்.

அவன் போனதும் கேட்டேன். “உங்க மவன அனுப்பிவிட்டவன் அவன். அவனுக்கு எதுக்குய்யா?”

“தெரியும்பா. அவனையும் நேசிக்கணும்னு ஏசு சொல்லிட்டாரு. மனசு வரமாட்டேங்குது. கையாவது செய்யட்டும்னு விட்டுட்டேன்.”

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. ஆறிய காலோடு எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்து வந்து, என் தம்பியின் பெயரை எழுதிக்கொண்டு போனான் கிராணி.

தம்பியும் திரும்பவில்லை. டிரஸ்ஸரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் என் முழங்கால் தழும்பு கண்ணில் படுகிறது. அதைக் கட்டியதும் அந்த வேட்டிதான்.